பதினான்காம் குழியில் வரும் இடுப்புவலி

அத்தானுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, இடுப்புவலி வருவது கோல்ஃப் மைதானத்தில் மட்டும்தான். அதுவும் நன்றாக ஆடுகிற நாளில், பதினான்காம் குழியில். சொதப்புகிற நாளில் பதினெட்டுக் குழியையும் சிங்கம் மாதிரி முடித்துவிட்டு வருவார்.

கிளப்பில் ஸ்கோர் அட்டைகளைப் பதிவு செய்வது என் வேலை. குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயிக்கும் கோல்ஃபில், சுமாராக ஆடுகிறவருக்குச் சலுகையாகச் சில அடிகளைக் கழித்துவிடுவார்கள். அதற்கு ஹேண்டிகேப் என்று பெயர். நன்றாக ஆட ஆட அது குறையும். அத்தானுடையது இருபத்திரண்டு; மூன்று வருடமாக அது குறையவே இல்லை. ஆண்டுக் கோப்பை மட்டும் தவறாமல் அவர் வீட்டுக்குப் போனது.

இந்த மாதப் போட்டியிலும் இடது இடுப்பைப் பிடித்தபடி பாதியில் வந்து, பதினான்கு குழி மட்டும் நிரப்பிய அட்டையை என் மேசையில் போட்டார்.

"முடியலம்மா. இதைக் கிழிச்சுப் போட்டுடு."

"போட்டியில நீங்க இனி இல்ல அத்தான். ஆனா ஹேண்டிகேப் கணக்குல இது சேரும். புது விதி. பத்துக் குழி ஆடிட்டாலே போதும், மிச்சத்தை கம்ப்யூட்டரே போட்டுக்கும்." திரையைத் திருப்பிக் காட்டினேன். "இப்ப உங்களுக்கு இருபது."

குனிந்து பார்த்தவர் விருட்டென்று நிமிர்ந்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? மிச்ச நாலையும் ஆடி முடிச்சு, பரிசையாவது வாங்கியிருப்பேனே!"

"இடுப்பு அத்தான்?"

அவசரத்தில் அவர் கை வலது இடுப்புக்குப் போனது.