அந்தப் பக்கத்து அழுக்கு

அவளுக்குப் ‘பளிச்சு’ என்று பட்டப்பெயர் வைத்தது புருஷன்காரர்தான். பொருத்தமான பெயர் என்பதை அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரியும் ஒப்புக்கொள்வாள். குழாய், சுவிட்சு, கதவுப்பிடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைக்கிறவள் அவள். விருந்தாளி நாற்காலியை விட்டு எழுந்து வாசலைத் தாண்டுவதற்குள் நாற்காலியைத் துடைத்துவிடுவாள். வந்தவர் முகம் சுருங்குவதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது.

அவர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கண்ணாடி பொருத்துகிறவர். கையில் எப்போதும் கண்ணாடி ஒட்டும் புட்டிப் பசை அப்பியிருக்கும், பேனா பிடிக்கத் தோதுப்படாது. அதனால் அளவுகளையெல்லாம் ஒரு டேப்லெட்டில் பேசிப் பதிந்துகொள்வார். “நீளம் நாப்பத்தெட்டு இஞ்சு, அகலம் முப்பது, உள் அளவு... ஏய் பளிச்சு, எங்க இருக்க? டீ என்னாச்சு?” என்று அளவும் அதட்டலும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். சமையலறையிலிருந்து “இங்கதான் இருக்கேன்” என்று இவள் கத்துவதும் சேர்ந்தே பதிவாகும். அவர் அதைப் போட்டுக் காட்டும்போது வேலையாட்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

அந்த டேப்லெட்டில் அப்பிய விரல் தடத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் அந்தத் துணியை வாங்கினாள். திரை துடைப்பதற்கென்றே ஒரு பெரிய கம்பெனி போட்ட துணி. சாம்பல் நிறம், கைக்குட்டையில் பாதி அகலம், மூலையில் கம்பெனி முத்திரை, நகை வைப்பதைப் போல ஒரு பெட்டி. விலையைக் கேட்டதும் அவர் உட்கார்ந்தே விட்டார்.

“இந்தக் காசுக்கு எனக்கு ஒரு சட்டை எடுத்திருக்கலாம். சட்டை கிழிஞ்சதும் அதுலயே நீ திரையத் துடைச்சிருக்கலாம்.”

“உங்களுக்கு என்ன தெரியும்? இதுல துடைச்சா கண்ணாடி இருக்கிற எடமே தெரியாதாம்.”

“கண்ணாடியப் பத்தி எனக்கே பாடமா?” என்று அவர் வாயால் ஊதித் தன் பழைய பனியனால் துடைத்துக் காட்டினார். “நல்லாக் கேட்டுக்க. துடைச்சும் போகலைன்னா துணிய மாத்தாத. அழுக்கு அந்தப் பக்கம் இருக்குன்னு அர்த்தம்.”

கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் பற்றி அவருக்குப் பட்ட அனுபவம் உண்டு. ஒருமுறை ஒரு கடைக்காரர் போனில் “கைப்பிடி ஓட்டை இடது பக்கம்” என்றார். இவரும் இடது பக்கமே துளை போட்டுக்கொண்டு போனார். கடைக்காரர் உள்ளே நின்று சொன்ன இடது, வெளியே நின்று பார்த்தவருக்கு வலது. ஒரு பக்கம் கடைப் பெயர் எழுதிய கதவுக் கண்ணாடி, திருப்பிப் போடவும் வழியில்லை, முழுசும் வீண். அன்றிலிருந்து வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், “என்ன சொல்றாங்கன்னு கேக்காத, எந்தப் பக்கம் நின்னு சொல்றாங்கன்னு கேளு” என்பதுதான் அவர் சொல்லும் முதல் வார்த்தை.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் ஏணியில் கால் வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் அழுதார்கள். அவளுக்குத்தான் அழுகை வரவில்லை, கையை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. எடுத்தாள் துணியை. மேஜை, அலமாரி, கடைசியில் மேஜைமேல் கிடந்த டேப்லெட். எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது.

சில வாரம் போன பிறகுதான் பயம் வந்தது. ஒரு காலை அவர் குரலை நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. வார்த்தை வந்தது, குரல் வரவில்லை. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, குரலுக்கு எங்கே போவாள்? அந்த டேப்லெட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதற்கோ ஒன்பது புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டால்தான் திறக்கிற பூட்டு. தோன்றியபடியெல்லாம் போட்டுப் பார்த்தாள். கடைசியில் அது ஏதோ எச்சரிக்கை காட்டவும், பதறிப்போய்க் கொழுந்தனின் போன் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கொழுந்தன் அதை விளக்கடியில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். முகம் மாறியது.

“அண்ணி, இதத் துடைச்சீங்களா?”

“ஆமா. ஏன்?”

“அண்ணன் கை புட்டிக் கை. தினம் ஒரே கோட்டப் போட்டிருப்பாரு. சாய்ச்சுப் பிடிச்சா அந்தத் தடமே காட்டிக் குடுத்திருக்கும். பூட்டுன செட்டு வந்தா நாங்க மொதல்ல துடைக்கவே மாட்டோம்.”

அவள் பையிலிருந்து துணியை எடுத்து நீட்டினாள். அவன் விரலால் தடவிப் பார்த்தான்.

“நல்ல துணிதான் அண்ணி. குடுத்த காசு வீண் போகல. அண்ணன் பனியனா இருந்தா கொஞ்சமாவது மிச்சம் வச்சிருக்கும்.” துணியை மடித்து அவள் கையில் வைத்தான். “இன்னும் ஒரே ஒரு தடவதான். தப்பாப் போட்டா உள்ள இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிடும். அண்ணனே அப்படி வச்சிருக்காரு.”

வீட்டுக்கு வந்து டேப்லெட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பட்டப்பகல், வெளியே சுள்ளென்று வெயில். “பாவி, பாவி” என்று துணியைத் திட்டினாள், பிறகு தன்னையே திட்டினாள். அப்போதுதான் அழுகை வந்தது. அழுது முடித்து நிமிர்ந்தபோது, கறுத்துக் கிடந்த திரையின் நடுவில் வட்டமாக ஒரு ஆவி படர்ந்திருந்தது. யாரோ வாயை அருகில் வைத்து ஊதியது போல.

பழக்கம் யாரை விட்டது? யோசிப்பதற்குள் கை துணியோடு போய்விட்டது. துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். துணியின் அடியில் ஆவி அசையாமல் நின்றது. துணி உலர்ந்தே இருந்தது.

போகலைன்னா அழுக்கு அந்தப் பக்கம்.

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது, ஆனாலும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவிக்குள் ஒரு கோடு விழ ஆரம்பித்தது. மேலே வலது மூலையில் தொடங்கி, பாதிவரை இறங்கி, குறுக்கே இடது ஓரம் போய், மறுபடி இறங்கி மூலையில் நின்றது. அவசரமில்லாத கோடு. கண்ணாடியில் வைரமுனை வைத்து வெட்டும்போது அவர் கை அப்படித்தான் போகும்.

விரலால் திரையைத் தட்டினாள். ஒன்பது புள்ளிகள் வந்தன. வலது மேல் மூலைக்கு விரலைக் கொண்டுபோனவள், தொடுவதற்கு மயிரிழை முன்னால் சட்டென்று நிறுத்தினாள். வீணாய்ப்போன கதவுக் கண்ணாடி நினைவுக்கு வந்தது.

“எந்தப் பக்கம் நின்னு சொல்றீங்க?” என்று வாய்விட்டுக் கேட்டாள்.

அதற்குப் பதில் வேண்டியதில்லை, துணிதான் ஏற்கெனவே ‘அந்தப் பக்கம்’ என்று சொல்லிவிட்டதே. விரலை இடது மேல் மூலைக்கு மாற்றினாள். பாதி இறக்கினாள், வலது ஓரத்துக்கு இழுத்தாள், மறுபடி இறக்கினாள்.

திறந்துகொண்டது.

பதிவுகள் வரிசையாக நின்றன. கடைசியில் இருந்ததைத் தொட்டாள். தொண்டையைச் செருமும் சத்தம். அதே குரல். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீளம் பத்து, அகலம் ஆறே கால். உள் அளவு.”

இவ்வளவு சின்ன ஜன்னல் எந்த வீட்டில் இருக்கிறது? அவள் கண் தானாக இறங்கி, மேஜைமேல் இருந்த டேப்லெட்டின் நீளத்தைப் பார்த்தது. பிறகு அகலத்தைப் பார்த்தது.

“ஏய் பளிச்சு, எங்க இருக்க?”

அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். சமையலறையிலிருந்து தன் பழைய குரல் கத்தவேண்டும். காத்திருந்தாள். அது வரவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் எதற்கோ காத்திருப்பது போல.

டேப்லெட்டின் அருகில் குனிந்தாள். “இங்கதான் இருக்கேன்.”

“ம்” என்றார் அவர். “டீ என்னாச்சு?”

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.