எதிர்த்தீ

பச்சை நொச்சிக் கிளையை ஓங்கித் தரையோடு தரையாக அடித்தார் உலகநாதன். சருகு நெருப்பு அந்த இடத்தில் செத்து, ஒரு முழம் தள்ளி மறுபடி தலைதூக்கியது. மறுபடி அடித்தார். இலையெல்லாம் கருகி மொட்டைக் கம்பாகிப்போன கிளையை வீசிவிட்டு இன்னொன்று ஒடிக்கப் போனார். தீயணைப்புத் துறையில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவர், லீடிங் ஃபயர்மேன். கையில் கிடைத்த ஆயுதம் ஒரு கிளை. வண்டி இல்லை, குழாய் இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை.

கோவில்பதாகைக்கு மேற்கே இருக்கும் அந்தக் காப்புக்காடு பெரிய வனாந்தரம் ஒன்றுமில்லை. காரையும் சூரையும் களாவும் ஈச்சையும் பின்னிக் கிடக்கும் புதர்க்காடு. நடுவில் தெற்கு வடக்காக ஒரு தடம். தடத்துக்கு மேற்கே ஒரு குட்டை, அதை நம்பிக் கொஞ்சம் புள்ளிமான்கள். சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருந்த காடு அவ்வளவுதான். மற்றதையெல்லாம் கம்பெனிகளும் வீட்டுமனைகளும் தின்று ஏப்பம் விட்டாயிற்று. கிழக்கு ஓரத்தில் பெயிண்ட் கம்பெனி லாரி வந்து கழிவைக் கொட்டிவிட்டுப் போவது ஊருக்கே தெரியும். அந்தக் கழிவுதான் 1991ஆம் வருஷத்துச் சித்திரை வெயிலில் பற்றிக்கொண்டது.

"இன்னா அண்ணாத்தே, வண்டிய காணோம்?" புகைக்குள்ளிருந்து வேம்புலி ஓடிவந்தான். கோடைக்கு மட்டும் வனத்துறை தினக்கூலிக்கு வைத்துக்கொள்ளும் தீக்காவலன் அவன். வருஷா வருஷம் தீ வரும், இவர்களும் வருவார்கள், அப்படிப் பழக்கம்.

"வண்டி பெயிண்ட் கம்பெனிக்கு போய்க்கீதுடா. நாளிக்கி அங்க புது கட்டடத்துக்கு அடிக்கல்லாம். மந்திரி வர்றாரு. மைதானத்துல தூசி பறக்கக் கூடாதாம், தண்ணி தெளிச்சிகினு கீது."

வேம்புலி அவர் முகத்தையே பார்த்தான். "காடு எரியுது... தூசிக்குத் தண்ணியா?"

உலகநாதன் நிலையத்திலிருந்து மேலதிகாரிக்கு இரண்டு முறை போன் போட்டு வண்டி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பழைய ஜீப்பில் ஃபயர்மேன் அமீருதீனை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்திருந்தார். "புதர்தானே, தானா அடங்கிடும்" என்று பதில் வந்திருந்தது.

அடங்கவில்லை. மதியம் தாண்டிக் கடல்காற்று கிளம்பியதும் தீ எழுந்து நின்றுகொண்டு மேற்கே நடக்க ஆரம்பித்தது. ஈச்சம்புதர்கள் படபடவென்று வெடித்தன. முயல் ஒன்று அமீருதீனின் காலுக்கிடையில் புகுந்து ஓடியது.

"அண்ணே, இது கெளைக்கு நிக்காது" என்றான் அமீருதீன்.

நிற்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். பாக்கி இருப்பது ஒரே வழி. தடத்தின் கிழக்கு விளிம்பில் தாங்களே நெருப்பு வைத்து, வருகிற தீயை நோக்கி அதை எரியவிட வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் தின்ன எதுவுமில்லாமல் இரண்டும் சாகும். எதிர்த்தீ வைப்பது தீக்காவலர்களிடையே வழக்கம்தான். ஆனால் காப்புக்காட்டில் தீக்குச்சி கிழிப்பதே குற்றம். அதனால் வைத்தது யார் என்று யாரும் சொல்வதில்லை. மேலே இருப்பவர்களும் கேட்பதில்லை. "தடத்துல வந்து தானா நின்னுட்ச்சி சார்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

"வையி" என்றார் உலகநாதன்.

வேம்புலி மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்தான். குனிந்து குனிந்து பற்றவைத்துக்கொண்டே தடத்தோடு ஓடினான். மற்ற இருவரும் மேற்கு விளிம்பில் நின்று, பறந்து வரும் பொறியை அடித்து அணைத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் போனது. எரிந்துகொண்டிருந்த ஒரு பனையிலிருந்து காய்ந்த மட்டைகள் கொத்தாக முறிந்து, தடத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் விழும்வரை.

யோசிக்க நேரமில்லை. கையுறை என்பது நிலையத்துச் சுவரில் ஒட்டிய படத்தில் மட்டும்தான் இருந்தது. உலகநாதன் ஒரு பக்கமும் வேம்புலி மறுபக்கமுமாக எரிகிற மட்டைக் கொத்தை வெறுங்கையால் பிடித்து, கத்திக்கொண்டே இழுத்துத் தடத்தில் போட்டார்கள். அமீருதீன் மண்ணை வாரி வாரி இறைத்தான்.

சாயங்காலம் இரண்டு தீயும் முட்டிக்கொண்டு அடங்கின. கிழக்கே கரிக்காடு. மேற்கே ஓர் இலை கருகவில்லை. வேம்புலி தடத்திலேயே உட்கார்ந்து, வெந்த கைகளை முட்டி மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு சிரித்தான். "பொழச்சிகிச்சி அண்ணாத்தே. ஒரு மான்கூட போவல."

அப்போதுதான் வனத்துறை ரேஞ்சரின் ஜீப் வந்தது, பின்னால் இரண்டு வனக்காவலர்களோடு. பெரிய புள்ளிகள் வரும் நேரத்தில் புகை எப்படி வந்தது என்று மேலே இருந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த முகம். இறங்கியதும் தடத்தோரத்துக் கரியைப் பார்த்தார்.

"இங்க தீ வெச்ச மாதிரி இருக்கே?"

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் காட்டைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் வேம்புலிக்கு வழக்கம் மறந்துபோயிற்று. "நான்தான் சார் வச்சேன். வைக்காங்காட்டி மொத்தமும் போயிருக்கும்" என்றான்.

ரேஞ்சர் காவலர்களைத் திரும்பிப் பார்த்தார். "ஏத்துங்க."

"சார், நான்தான் வைக்கச் சொன்னேன்" என்று குறுக்கே வந்து நின்றார் உலகநாதன். "தீ கிளம்பினது கெழக்க, கம்பெனி கழிவுல. வாங்க, காட்டுறேன்."

"கம்பெனிய இழுக்காதீங்க. இவன் மடியில தீப்பெட்டி இருக்கு. அவனே ஒத்துக்கிட்டான். கையப் பாருங்க, வெந்து கிடக்கு. வேற என்ன சாட்சி வேணும்?"

உலகநாதன் தன் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. "இதுவும் வெந்துதான் கிடக்கு. என்னையும் ஏத்துங்க."

"உங்களுது டியூட்டில பட்ட காயம்." ரேஞ்சரின் குரல் இறங்கியது. "நாளைக்கு மேடையில உங்களுக்கு ஒரு சால்வை போடச் சொல்றேன். காட்டைக் காப்பாத்தினவர்னு."

"எந்த மட்டைல எனக்கு சுட்டுச்சோ அதே மட்டைலதான்யா அவனுக்கும் சுட்டுச்சு!"

ரேஞ்சர் போய் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"அண்ணாத்தே, ஊட்ல முனிம்மாகிட்ட சொல்லிடு" என்றான் வேம்புலி, ஏறும்போது.

அமீருதீன் மருந்துப் பெட்டியைத் திறந்து உலகநாதனின் கையைப் பிடித்தான். அவர் உதறினார். "அவனுக்குப் போடுடா மொதல்ல!" அமீருதீன் துணிச்சுருளோடு ஓடுவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

தடத்தின் குண்டு குழியில் ஜீப் குலுங்கிக்கொண்டே போனது. வேம்புலியால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. எதிலும் பட்டுவிடாமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் போல, காவலர்களுக்கு நடுவில் அவன் இப்படியும் அப்படியும் சாய்ந்து சாய்ந்து போனான்.