பூச்சி மாத்திரை

பூச்சி மாத்திரையில்தான் பூச்சி இருக்கிறது என்று காஞ்சனா முடிவு கட்டியிருந்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஒன்றாம் வகுப்பில் மகள் மோனிகா அந்த மாத்திரையை முதல் தடவை சப்பித் தின்ற மறுநாள், கால்வாயோரம் குந்தியவளுக்குச் சாண் நீளத்தில் இரண்டு வெளியே வந்தன. அதுவரை ஒன்றும் வரவில்லையே! உள்ளே இருந்ததைத்தான் மருந்து விரட்டியது என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

"டீச்சர் குடுத்தா வாயில அடக்கிக்கோ. அப்பால துப்பிடு," என்று மகளுக்குப் பாடம் எடுத்தாள். மோனிகா சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. அடுத்த மூன்று தடவையும் துப்பினாள். பள்ளிக்கூடத்து நோட்டில் தின்றதாகவே எழுதியிருந்தார்கள்.

ஒருநாள் வயிறு உப்பிக்கொண்டது. தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி. நகரியிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"டேப்லெட் இச்சாரா?" என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். கொடுத்தோம் என்றாள் காஞ்சனா. பயத்தில் சொன்ன பொய்.

வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றாள். அது பொய்யில்லை. சர்க்கார் பணத்தில் கட்டி, போட்டோவும் எடுத்துப்போயிருந்தார்கள். போட்டோக்காரர் தெரு தாண்டும் முன்பே அவள் புருஷன் உமாபதி தறிக்கு வந்த நூல் மூட்டைகளை உள்ளே அடுக்கிப் பூட்டிவிட்டான். நூல் நனையக் கூடாதாம். மனிதர்கள் எங்கே போய் உட்கார்ந்தால் என்ன? தெருச் சனமே கால்வாயோரம்தான் ஒதுங்கியது. பிள்ளைகள் அந்த மண்ணிலேயே விளையாடி, அந்தக் கையோடு சோறு தின்றன.

குடலை அடைத்துக் கிடந்ததை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குடல் அதற்குள் அழுகியிருந்தது. மாத்திரை தின்றிருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்காதம்மா என்றார் டாக்டர். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மூன்றாம் நாள் மத்தியானம் மோனிகா போய்விட்டாள்.

நாலு வயது மகன் பவனோடு ஊரில் இருந்த உமாபதிக்கு காஞ்சனா போன் போட்டாள்.

"பாப்பா எப்டி கீது?" என்றான்.

"பவனு எங்க?"

"பின்னால, கால்வாயாண்ட குந்திக்கினு கீறான். பாப்பா எப்டி கீதுன்னு கேக்கறேன்ல?"

"மொதல்ல அவன தூக்கினு வா. கக்கூஸ்ல கீற நூலு எல்லாத்தயும் வெளிய எறி."

"மழ வரா மாரி கீது. நனஞ்சிடும்டி."

"நனையட்டும்யா. இனிமே நமக்கு அவன் ஒருத்தன்தான்."