ஆட்டைத் துரத்திய போலீஸ்காரன்

பயாஸ்கோப்புக்காரர்கள் தங்கவயலுக்கு முதல் தடவை வந்தபோது கதை எதுவும் கொண்டுவரவில்லை. கடல் அலை அடித்தது. ஒரு வெள்ளைக்காரி கோழிகளுக்குத் தீனி போட்டாள். எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது, ஜனங்கள் இறங்கிப் போனார்கள். அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி பிடித்த படங்கள் என்று அவர்களோடு வந்த வால்டர் சொன்னார். அவர் பெங்களூர் தண்டுப் பக்கத்துச் சட்டைக்காரர், பாதி வெள்ளைக்காரர். படம் ஓடும்போது அருகில் நின்று தமிழில் விளக்குவார். முடிந்ததும் கூடார வாசலில் நின்று, வெளியே போகிறவர்களை நிறுத்தி, எந்தப் படம் பிடித்தது என்று கேட்பார்.

கோரமண்டல் மைதானத்தில்தான் கூடாரம். நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டித் தண்ணீர் தெளித்து நனைத்திருப்பார்கள். ஆண்களுக்கு முன்பக்கம், பெண்களுக்குப் பின்பக்கம். ஈரத் துணி வழியாகத் தெரிவதைத்தான் பெண்கள் நாங்கள் பார்த்தோம்.

அடுத்த வருஷம் கூடாரம் மறுபடி வந்தது. இந்தத் தடவை புதுப் படங்கள். முதலில் ஒரு போலீஸ்காரன். அவன் தொப்பியை ஒரு ஆடு தின்றுவிட, ஆட்டைத் துரத்திக்கொண்டு ஊரெல்லாம் ஓடுகிறான். பெண்கள் பக்கத்தில் சிரித்துச் சிரித்துப் பிள்ளைகளைக் கீழே போட்டுவிட்டார்கள். கடைசியாக ஒரு சுரங்கப் படம். வேறு தேசத்துச் சுரங்கம். மேல்கல் சரிகிறது, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பெண்கள் சுரங்க வாயான ஷாப்டுக்கு ஓடிவருகிறார்கள். தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் ஒரு மீசைக்காரனைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவந்து படுக்கவைக்கிறார்கள். அவன் கண்ணைத் திறக்கிறான். கூடாரமே ஒரு மூச்சு விட்டது. எங்கள் பக்கத்தில் சிரிப்பே இல்லை. எங்கள் எல்லோருடைய வீட்டுக்காரர்களும் அந்த வேலைக்குத்தானே போகிறார்கள்.

என் வீட்டுக்காரர் ஏனோக் சுரங்கத்தில் மரம் கட்டுகிறவர். மேல்கல் சரியாமல் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. பக்கத்து வீட்டுக் காத்தவராயன் அவருக்கு உதவியாள். இருவருக்கும் ஒரே ஷிப்ட், பூமிக்கடியில் ஒரே லெவல். நானும் காத்தவராயன் மனைவி தாயம்மாவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் சபைக் கோயில் முடிந்து வந்ததும், நான்கு பேரும் வாசலில் உட்கார்ந்து அந்தப் படங்களைத்தான் பேசினோம்.

"போன வருசம் வந்துச்சே, அதாண்டா படம்," என்றார் இவர். "கடலு. அதுக்கு நடிக்கத் தெரியாது."

"கடலாம் கடலு! காசு குடுத்து தண்ணியப் பாக்கணுமாண்ணே? கொழாயாண்ட வந்தா எங்கூட்டுக்காரி சும்மாவே காட்டுவா, சண்டையோட சேத்து," என்றான் காத்தவராயன். "கத வேணும்ணே. கத இல்லன்னா இன்னாத்துக்கு பயாஸ்கோப்பு?"

"உன் மூஞ்சிக்கு அந்த ஆடே போதும்," என்றாள் தாயம்மா. "யக்கா, அந்தக் கோழிக்குத் தீனி போட்டாளே ஒருத்தி, அத்தப் பாத்துட்டு இவுரு ரெண்டு நாளு சோறு எறங்காம கெடந்தாரு. கோழிக்காவ இல்ல."

காத்தவராயன் காது கேட்காதவன் போல வானத்தைப் பார்த்தான்.

"ஆனா அந்தச் சொரங்கப் படம்," என்றாள் தாயம்மா, குரலைத் தாழ்த்தி. "பொழச்சானே அந்த ஆளு. நான் மாரியாத்தாள வேண்டிக்கினே இருந்தேன்."

"அந்த ஆளு இன்னாத்துக்குப் பொழைக்கணும்? அவன் சாவவே இல்லியே," என்றார் இவர். "அவன்தான் ஆட்டுக்கார போலீஸ்காரன்."

மூவரும் அவரைப் பார்த்தோம்.

"மீசைய ஒட்டிக்கினு வந்துகீறான். புறங்கையால மூக்கத் தொடைப்பான், கீழேர்ந்து மேல. ஆட்டத் தொரத்தி மூச்சு வாங்கி நிக்கசொல்லத் தொடச்சான். கேஜில எடுத்தாந்து போட்டாங்களே, கண்ணத் தொறந்ததும் அதே மாரி தொடச்சான். ஒரே ஆளு. அது சொரங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த முட்டுக்கட்டயப் பாத்தியாடா காத்தவராயா? நெசக் கல்லு ஏறினா அந்த மரம் தீக்குச்சி."

"அண்ணே, பயாஸ்கோப்புல பொய்யா காட்டுவாங்க? போட்டோண்ணே அது. இல்லாதது எப்பிடிண்ணே போட்டோல விழும்?"

"நான் பார்க்கலையே," என்றேன் நான். "எனக்கு வேற வேற ஆளாத்தான் தெரிஞ்சுது."

"நீ துணிக்குப் பின்னால குந்திக்கினு ஈரத்தப் பாத்த. அடுத்த வாட்டி வரட்டும், முன் பக்கம் கூட்டிம்போயி குந்த வெக்கிறேன். நீயே பாத்துட்டு சொல்லு."

"ஆம்பளைங்க நடுவுலயா? பாதிரி ஐயரு கேட்டா சபையவிட்டே தள்ளிருவாரு."

"தள்ளட்டுமே. அப்பவும் நான் சொன்னதுதான் நெசம்."

அவர் எப்போதும் அப்படித்தான். எந்தப் பேச்சிலும் தோற்க மாட்டார். தோற்காதவரோடு குடித்தனம் செய்வது எரிச்சலான காரியம். வேண்டுமென்றே நான் அவன் வேறு, இவன் வேறு என்றே அந்த மழைக்காலம் முழுவதும் சொல்லிவந்தேன்.

மழை விட்ட பிறகு ஒரு முற்பகல் சுரங்கத்துக்குள் கல் வெடித்தது. தங்கவயலில் இருந்தவர்களுக்குத் தெரியும், வீட்டில் அடுக்கியிருக்கும் பானை முதலில் பேசும். தரை அதிர்ந்து என் வீட்டில் பானை உருண்டது. பிறகு சங்கு ஊதியது. ஊத வேண்டிய நேரம் இல்லை அது.

அவர்கள் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். கேட்டைச் சாத்திவிட்டார்கள். சில பேரைக் கேஜ் மேலே கொண்டுவந்தது. இவரும் காத்தவராயனும் இருந்த லெவலில் இருந்து யாரும் வரவில்லை. பாதை மூடிக்கொண்டது, அப்பால் எத்தனை பேர் உயிரோடு என்று தெரியாது, தோண்டுகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான். திரும்பக் கேட்டதற்கும் அதையேதான் சொன்னான். அவனுக்கும் அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பயாஸ்கோப்பில் பெண்கள் ஷாப்ட் வாய் வரைக்கும் ஓடிப்போனார்கள். எங்களுக்குக் கேட்டுக் கம்பிதான். அதற்கு அப்பால் கேஜை இழுக்கும் சக்கரம் சுற்றுவது மட்டும் தெரியும். சக்கரம் சுற்றினால் எழுந்து நிற்போம். நின்றால் உட்காருவோம்.

முதலில் அந்தப் பேச்சை எடுத்தவள் தாயம்மாதான்.

"அன்னிக்கி பாத்தமே யக்கா. அதுலயும் இப்பிடித்தான் மூடிக்கிச்சு. அதுலயும் அளுதுகினுதான் நின்னாளுங்க. வந்தான் இல்ல?"

அது ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போயிற்று. பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொன்னார்கள். மீசைக்காரன் கண் திறந்ததைச் சொன்னார்கள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள்கூட உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் கஞ்சி குடித்தார்கள். கடைசியில் தாயம்மா என் கையைப் பிடித்தாள்.

"நீ மிசன் ஸ்கூல்ல படிச்சவ. நீ சொல்லு. அது நடந்ததுதான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது தாயம்மா," என்றேன்.

உண்மையாகவே எனக்குத் தெரியாது. நான்தான் ஈரத்துணிக்குப் பின்னால் இருந்தேனே. ஆனால் அன்றைக்கு நான் ஜெபம் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, இந்த ஒரு பேச்சில் அவர் தோற்கட்டும். அந்தப் போலீஸ்காரன் வேறு ஆளாக இருக்கட்டும். மீசைக்காரன் நிஜமாகவே ஒரு சுரங்கத்தில் கிடந்து, நிஜமாகவே மேலே வந்தவனாக இருக்கட்டும். அது நடந்திருந்தால் இதுவும் நடக்கும். வந்ததும் அவரிடம் சொல்வேன், நீங்கள் சொன்னது தப்பு என்று. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொள்ளாமல் இருக்கட்டும்.

ஒரு சாயங்காலம் சுரங்கத்துக் கேப்டன் துரை கேட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார். மேஸ்திரி தமிழில் சொன்னார். மேலும் மேலும் கல் சரிந்துகொண்டே இருக்கிறது, தோண்டப்போகிறவர்களும் செத்துவிடுவார்கள், அதனால் அந்த லெவலைச் சுவர் வைத்து மூடுகிறார்கள்.

தாயம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரியிடம் கத்தினாள். "இன்னும் கொஞ்சம் தோண்டச் சொல்லுய்யா! அந்த ஊர்ல தோண்டலியா? பயாஸ்கோப்புல நீ பாக்கலியா?" துரை அவள் சொன்னது என்னவென்று கேட்டார். மேஸ்திரி மொழிபெயர்க்கவில்லை.

எங்களுக்குப் புதைக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. பாதிரியார் கேட்டுக்கு வெளியே நின்று ஜெபித்தார். தாயம்மாவை அவள் அண்ணன் வந்து குடியாத்தத்துக்கு அழைத்துப்போனான். ஸ்டேஷனில் ரயில் ஏறியவள் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"யக்கா, அந்தப் பயாஸ்கோப்பு திரும்ப வந்தா அந்தச் சட்டக்காரர கேளு. எத்தினி நாளு கயிச்சி அந்தாள எடுத்தாங்கன்னு. கேட்டு எனக்கு ஒரு கார்டு போடு. இவுங்க சீக்கிரம் மூடிட்டாங்க யக்கா."

கேட்கிறேன் என்றேன்.

கூடாரம் வந்தது. துணி கட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். நான் முன்பக்கம் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். "யம்மா, பொம்பளைங்க அந்தாண்ட," என்றான் ஒருவன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டான்.

இந்தத் தடவை சுரங்கப் படத்தை முதலில் போட்டார்கள். என்னைச் சுற்றி இருமல்கூட இல்லை. மேல்கல் சரிந்தது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் கல்லில் கனமே இல்லாதது தெரிந்தது. துணி மூட்டை விழுவது போல விழுந்தது. பெண்கள் ஓடிவந்தார்கள். மீசைக்காரனைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அவன் கண்ணைத் திறந்தான். புறங்கையால் மூக்கைத் துடைத்தான், கீழிருந்து மேலாக.

ஆட்டுப் படம் வரும் வரைக்கும் காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் லெவலை மூடி மாதங்கள் ஆகியிருந்தன. எதற்கு நேரம் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

போலீஸ்காரன் ஓடினான். ஆடு சுவர் ஏறியது. அவன் நின்று மூச்சு வாங்கினான். புறங்கையை மூக்குக்குக் கொண்டுபோனான். கூடாரம் முழுவதும் சிரித்தது. நான் இடது பக்கம் திரும்பினேன், அவரிடம் சொல்வதற்கு. இடம் விட்டவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் வால்டர் நின்றிருந்தார். "எப்படி இருந்துச்சு அம்மா? எந்தப் படம் பிடிச்சுது?"

தாயம்மாவின் கேள்வியைக் கேட்க வாய் எடுத்தேன். வேறு வந்தது.

"ரெண்டுலயும் ஒரே ஆளுன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

வால்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவனைத் தட்டிக் கூப்பிட்டார். "பார்த்தியா? எத்தனை ஊர் போய்ட்டோம், ஒருத்தர் கண்டுபிடிக்கல! பெரிய கண்ணு அம்மா அவருக்கு. என்ன வேலை?"

"மரம் கட்றாரு."

"நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க. டிக்கெட் வேண்டாம், நான் சொன்னேன்னு சொல்லுங்க. வேற என்ன கண்டுபிடிக்கிறாருன்னு பார்க்கலாம்."

பின்னால் ஜனங்கள் நெருக்கினார்கள். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

குடியாத்தத்துக்குப் போடக் கார்டு வாங்கினேன். தாயம்மாவுக்கு, சுகம், சுகமறிய ஆவல் என்று எழுதினேன். அதற்குக் கீழே இடம் நிறைய இருந்தது.