எக்ஸ்ரே வராத நேரம்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவர்களுக்கு ஓய்வு கிடையாது. குற்றாலத்தில் குளிக்க வந்து பாறையில் வழுக்கியவர்கள் ஈரத்துணியோடு ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிற எலும்பு முறிவு ஆஸ்பத்திரி அது. அங்குள்ள கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் நிலோபர் ஒருத்திதான் பொறுப்பு.

இந்த சீசனில் அவளுக்குப் புதிதாக ஒரு தலைவலி. முற்பகலில் ஒரு தடவையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவையும், எடுத்த எக்ஸ்ரே டாக்டர் அறைக்கு வராமல் நின்றுபோகும். நோயாளி வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டாக்டர் கத்துவார். நிலோபர் மாடியிலிருந்து ஓடிவந்து கேபிளைத் தொடுவதற்குள் எல்லாம் தானாகவே சரியாகிவிடும்.

"நீ வந்தா மட்டும் ஓடுது. என்ன மாயமோ!" என்பார் மேனேஜர் வீரபாகு. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மெதுவாகப் பேசவே தெரியாது.

தேடித்தேடி, இணையத்தில் நிலோபர் ஒரு சின்ன புரோகிராமைக் கண்டுபிடித்தாள். யாரோ ஒருவர் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டுவைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற ஒவ்வொரு மெஷினையும் அது மாறிமாறிக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் பச்சைப் புள்ளி, வராவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் அதன் வேலை.

வீரபாகுவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. டீயை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, நிலோபரின் திரைக்கு முன்னால் நின்று பார்ப்பார். கீழப்பாவூரில் நெல் விளைவித்த குடும்பம் அவருடையது.

"எல்லாம் பச்சையா இருக்கு பாத்தியா. வயலைப் பாத்த மாதிரில்லா இருக்கு."

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில்தான் மூன்று புள்ளிகள் ஒன்றாகச் சிவந்தன. எக்ஸ்ரே மெஷினின் கம்ப்யூட்டர், அதன் பிரிண்டர், படங்களைச் சேமிக்கிற கம்ப்யூட்டர். மற்றதெல்லாம் பச்சை. மூன்றின் கேபிளும் போய்ச் சேருவது ஒரே இடத்தில் என்று நிலோபருக்குச் சட்டென்று உறைத்தது. ரெக்கார்டு ரூம் மூலையில் இருக்கிற சின்னக் கறுப்புப் பெட்டி.

"ரெக்கார்டு ரூம்லதான் அண்ணாச்சி கோளாறு!" என்று ஓடினாள். டீ கிளாஸோடு அவரும் பின்னால் வந்தார்.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே ஏதோ மெஷின் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. நிலோபர் தட்டினாள்.

"யாரு?"

"நாந்தாம்ட்டி, நிலோபர்."

ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கதவு திறந்தது. நிலோபர் மட்டும் உள்ளே போனாள். மாரிச்செல்வி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். பேறுகால லீவு முடிந்து இப்போதுதான் வேலைக்குத் திரும்பியவள். கைப்பிள்ளையைக் கடையத்தில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்துபோகிறாள். மேஜைமேல் பால் எடுக்கிற மெஷின், பாதி நிறைந்த பாட்டில். சுவரில் இருந்த ஒரே பிளக்கில் அந்த மெஷினின் வயர் சொருகியிருந்தது. கறுப்புப் பெட்டியின் வயர் பிடுங்கப்பட்டுத் தொங்கியது.

"இந்தா முடிச்சிட்டேன்க்கா. யாரும் தேடுதாங்களா?"

"இந்தப் பெட்டி வயரை நீயா பிடுங்குன?"

"ஆமாக்கா. சும்மா லைட்டுதான மினுக்கிக்கிட்டு இருந்துச்சு. பாத்ரூம்ல பிளக்கே கிடையாது. இங்கனதான் தாழ்ப்பாள் இருக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "எக்ஸ்ரே நின்னுபோறது என்னாலயாக்கா?"

அவள் கண் நிறைந்துவிட்டது.

"அழாதட்டி. பிள்ளைக்கு எடுக்கிறத முழுசா எடுத்து முடி."

நிலோபர் வெளியே வந்து கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றாள்.

"பிளக் பத்தல அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்."

"பிளக்க நான் பாக்கக் கூடாதா? வேலை நேரத்துல யாரு தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு உள்ள இருக்கது?" அவர் கதவுக்குக் கையை நீட்டினார்.

"மாரிச்செல்வி பிள்ளைக்குப் பால் எடுத்துக்கிட்டு இருக்கா அண்ணாச்சி."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் டீ கிளாஸைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு நிலோபர் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில் பேசினார்.

"எம் மக ஸ்ரீதேவி போலீஸ்ல இருக்காள்லா. பிள்ளை பெத்து வேலைக்குத் திரும்புன புதுசுல பந்தோபஸ்து டூட்டி. சட்டையெல்லாம் நனைஞ்சு, ஒதுங்க எடமில்லாம, எனக்குப் போன் போட்டு அழுதா. என்ன சொல்லன்னு தெரியாம போனை அவ அம்மைட்ட குடுத்துட்டேன்."

அவர் டீ கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"சரி, உன் ரூம்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கும்லா, எடுத்துட்டு வா. நான் இங்கன நிக்கேன். யாரும் வராமப் பாத்துக்கிடுதேன்."

அவள் மாடிப்படி ஏறும்போது டாக்டர் கத்துவது கேட்டது. அதைவிடச் சத்தமாக அண்ணாச்சி, "செத்த பொறுங்க சார், வேலை நடக்கு!" என்றார்.

அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியன் வந்து புது பிளக்குகள் வைத்தார். மறுநாள் அண்ணாச்சியின் அறையில் கிடந்த கை வைத்த நாற்காலி ரெக்கார்டு ரூமுக்கு இடம் மாறியிருந்தது. ஆஸ்பத்திரி மெடிக்கல் ஸ்டோர் பிரிட்ஜில் பால் பாட்டிலுக்கென்று ஒரு தட்டு காலியாகியிருந்தது. யார் சொன்னது, எதற்கு என்று அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எக்ஸ்ரேயும் அதற்குப் பிறகு நிற்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் மாரிச்செல்வி மாடிக்கு வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"இதுதானா என்னைக் காட்டிக்கொடுத்தது? என்ன வெலைக்கா?"

"வெலையெல்லாம் இல்ல. யாரோ எழுதிச் சும்மாவே குடுத்திருக்காங்க."

"யாருக்கா?"

"தெரியல. நன்றி சொல்லி ஒரு மெயில் போடலாம்னு பாக்கேன்."

நிலோபர் இங்கிலீஷில் தட்டினாள். உங்கள் புரோகிராம் எங்கள் ஆஸ்பத்திரியில் நன்றாக ஓடுகிறது, நன்றி. கொஞ்சம் யோசித்து, ஒரு குழந்தைக்கும் உதவியாக இருந்தது என்று சேர்த்தாள். மாரிச்செல்வியிடம் அதைத் தமிழில் படித்துக் காட்டினாள்.

"எம் பிள்ளை பேரையும் போடுங்கக்கா, அபின்னு."

"அவங்களுக்கு ஒண்ணும் புரியாதுட்டி."

"புரியலன்னா கேக்கட்டுமே. சொல்லுவோம்."

நிலோபர் சிரித்துக்கொண்டே பெயரைச் சேர்த்து அனுப்பினாள்.