இரண்டாம் பத்தி

குழந்தைகளுக்கான மாவுப் பொடியில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பைப் பாதியாகக் குறைப்பதென்று முடிவாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே கேள்விதான். கடைகளில் அடுக்கியிருக்கும் பழைய டப்பாக்களை உடனே எடுக்கச் சொல்வதா, விற்றுத் தீர இரண்டு வருடம் கொடுப்பதா? பொதுமக்கள் கருத்துச் சொல்ல அறுபது நாள் தந்திருந்தார்கள்.

அவனுக்கு அந்த வரம்புகளை வகுக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விதிகளை எழுதும் வேலை, பதினேழு வருடமாக. "நீயும் ஒரு கடிதம் எழுதுக்கா" என்று சொன்னதே அவன்தான்.

அக்கா நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். முதல் பத்தி, பழைய டப்பாக்களை எடுக்கச் சொன்னது. இரண்டாம் பத்தி முழுக்க அவள் மகள். ஒன்றரை வயதில் இருபத்திரண்டு வார்த்தை பேசியவள், இரண்டரை வயதில் ஒன்பதுதான் பேசினாள். காணாமல் போனவற்றை வரிசையாக எழுதியிருந்தாள். தண்ணி, நிலா, செருப்பு, மாமா. கடைசியில் ரத்தப் பரிசோதனையில் வந்த ஈய அளவின் எண்.

"ரெண்டாவது பத்தி வேண்டாம்க்கா."

"ஏன்டா?"

"பொடியாலதான் இப்படி ஆச்சுன்னு டாக்டரே எழுதித் தரலை. கம்பெனிக்காரங்க கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"அப்போ மிச்சம் என்ன இருக்கு?"

"கோரிக்கை இருக்குல்ல."

அக்கா தாளையே வெகுநேரம் பார்த்தாள். "சரி, உனக்குத் தெரியாததா. எனக்கு ஸ்கூல் லீவ் லெட்டரே நீதானே எழுதிக் கொடுப்ப" என்று சிரிக்கப் பார்த்தாள்.

அவன் இரண்டாம் பத்தியை விட்டு, வேறு தாளில் திருத்தி எழுதினான். 'என் பொண்ணு' போய் 'நுகர்வோர்' வந்தது. பாதிப்பைச் சொல்ல எத்தனையோ பேர் இருப்பார்கள், அக்காவின் கடிதமாவது முறையாக இருக்கட்டும் என்று நினைத்தான். கடிதங்களை வாசிக்கும் கூட்டத்தில் யாரோ ஒருவர் 'மாமா' என்று வாசிப்பதைத் தன்னால் உட்கார்ந்து கேட்க முடியாது என்பதையும் நினைத்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

கூட்டத்தில் இருநூற்றுச் சொச்சம் கடிதங்கள் மேஜைக்கு வந்தன. பாதிக்கப்பட்டவர்கள் எழுதியவை நீலக் கோப்பில் வரும், வாய்விட்டு வாசிக்கப்படும். மற்றவை எண்ணிக்கை மட்டும்.

"நூத்தித் தொண்ணூறு பேர் ரெண்டு வருஷம் கேக்கறாங்க சார்" என்றார் உதவியாளர். "எல்லாத்துலயும் அதே மூணாவது வரியில அதே எழுத்துப்பிழை."

"ஒத்துமையான ஜனங்க" என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். "நீலக் கோப்புல என்ன?"

"காலி சார்."

"ஒருத்தர்கூடவா எழுதலை?"

இயக்குநர் உண்மையாகவே கேட்டார். ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பதுபோல மேஜையைச் சுற்றிப் பார்த்தார். அக்காவின் நோட்டுத் தாள் அவன் பையில், காலடியில் இருந்தது. அறுபது நாள் முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. எழுந்து சொன்னால், யாருடைய அக்கா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பிறகு, சொந்தக்காரர் விவகாரம் என்று அவன் வெளியேற வேண்டியிருக்கும், தாளும் கூடவே வெளியேறும். இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்லை சார்."

தீர்மானத்தை அவன்தான் எழுதினான். 'இப்பொருளால் பாதிப்பு ஏற்பட்டதாக எவரும் தெரிவிக்கவில்லை. எனவே இரண்டு ஆண்டு அவகாசம் வழங்கப்படுகிறது.' எந்த வக்கீலும் குறை காண முடியாத வாக்கியங்கள்.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனான்.

"படிச்சாங்களாடா?"

"எண்ணிக்கையில சேர்த்துக்கிட்டாங்க. ஆனா ரெண்டு வருஷம் கொடுத்துட்டாங்கக்கா."

"நீ எழுதிக் கொடுத்ததால சேர்க்கவாவது செஞ்சாங்க. நான் எழுதினதைக் குப்பையில போட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குள் போனாள்.

குழந்தை வாசலிலிருந்து அவன் செருப்பில் ஒன்றைத் தூக்கி வந்து அவன் மடியில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது. அவன் காத்திருந்தான். உதடுகள் ஏதோ ஒன்றைத் தேடிவிட்டு மூடிக்கொண்டன.

"என்ன சொல்றா?" உள்ளிருந்து அக்கா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலைக்கா" என்றான்.