இடது கை முதலில்

சவ அடக்க நிலையத்தில், இறந்துபோன அப்பாவுக்கு உடை உடுத்திவிடும் அறைக்குள் நான் வரக்கூடாது என்று பிஷப் ஆல்ரெட் சொன்னபோது, அப்பாவின் வெள்ளைச் சட்டை என் கையில்தான் இருந்தது. காலையில் எழுந்து நான் தேய்த்து மடித்த சட்டை.

"விதி அப்படி, லாரன். ஆலயத்துல சத்தியம் பண்ணவங்கதான் ஆலய உடை உடுத்திவிடணும். நானா எழுதினேன்?"

"நானும் பத்தொம்பது வயசுல பண்ணவன்தான்."

"அதான் எடுத்துட்டாங்களே."

எடுத்துவிட்டார்கள். மார்க்கஸ் என்பவனை நேசிக்கிறேன், இனிமேல் பொய் சொல்லிக்கொண்டு இருக்க முடியாது என்று நானே போய்ச் சொன்னேன். கோட்டுப் போட்ட பதினைந்து ஆண்கள் கூடி உட்கார்ந்து சபைப் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்கினார்கள். பன்னிரண்டு வருஷமாகிறது. அதுவரை என்னைச் சகோதரர் ஜார்கன்சன் என்று கூப்பிட்டுவந்த ஆல்ரெட், பிஷப் என்றாலும் பிழைப்புக்குப் பாசனக் குழாய் விற்கிறவர், மறுநாளே வெறும் லாரன் என்றார். அப்பா எதுவுமே கூப்பிடவில்லை. யூட்டாவில் எங்கள் எஃப்ரெயிம் மாதிரி ஊரில், ஆறு தலைமுறையாக மார்மன் சபையில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அதன் பிறகு என்ன வேலை? மார்க்கஸோடு கிளம்பிப் போய்விட்டேன்.

அம்மா இறந்தபின் தனியாக இருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அண்ணன் கிம்பலுக்கு ஐந்து பிள்ளைகளும் சபைப் பொறுப்புகளும் இருந்தன. நான் வந்தேன். பதினான்கு மாதம் அவருக்கு மலம் துடைக்க எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை.

அப்பாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல் ஆமென். ஜெபம் பண்ணாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டார். பல்லை இறுக்கிக்கொண்டு என்னையே பார்ப்பார். ஓட்ஸ் கஞ்சி ஆறிப்போகிறதே என்றுதான் முதல் நாள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தேன். அப்புறம் தினம் மூன்று வேளையும் பொய் ஜெபம். ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம், நடுவில் மார்க்கஸ் பெயர் வந்துவிட்டது. அவனை அவ்வளவு தூரத்தில் தனியாக விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள் என்று கேட்டேன். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த நிமிஷம் நிச்சயமாகத் தெரிந்தது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. அப்பா ஆமென் என்றார். என் விசுவாசம் எனக்குக் கிடைத்தது அந்தக் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால்தான். அந்தப் பதினைந்து கோட்டுகளுக்கும் அதில் பங்கில்லை.

கிம்பல் சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். பிஷப் வாசலிலேயே நின்றார். அரை மணி நேரம் கழித்து அண்ணன் அதே சட்டையோடு வெளியே வந்தான். முகமெல்லாம் வியர்வை.

"டேய், அப்பாவோட இடது கை மடங்கியே கெடக்குடா. ஏற மாட்டேங்குது. சட்டைய முதுகுல வெட்டிப் போட்டுரலாமான்னு இங்க வேலை பாக்கறவர் கேக்கறாரு."

"வெட்டாத. நான் வரேன்."

பிஷப் நகரவில்லை. "இங்கேருந்தே சொல்லிக் குடு, லாரன். அதுல ஒண்ணும் தப்பில்ல."

தினம் நானே சட்டை போட்டுவிட்டவன், இன்று நடையில் நின்று அதற்குப் பாடம் எடுக்க வேண்டுமாம். அவரைத் தள்ளிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அப்பாவைக் கிடத்திவைத்துக்கொண்டு சண்டை போட முடியுமா? என் இடது கையை நெஞ்சோடு மடக்கி, விரல்களை மூடிக்கொண்டேன்.

"நான்தான் அப்பான்னு வச்சுக்கோ. வராத கைதான் முதல்ல. உன் கைய சட்டைக்கைக்குள்ள விட்டு, என் விரலப் பிடிச்சு மெல்ல இழு. நல்ல கை கடைசிலதான்."

அண்ணன் பிஷப்பைப் பார்த்தான். இதற்கு விதி எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. சட்டைக்கை வழியாக வந்த அண்ணனின் கை என் விரல்களைப் பிடித்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவன் என்னைத் தொட்டது அப்போதுதான்.

"வலிக்குதாடா?"

"மெதுவா."

தோளில் ஏற்றினான். வலது கையை நுழைத்தான். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். கழுத்துப் பொத்தானுக்குப் பிறகும் அவன் கை அங்கேயே இருந்தது.

"போதும் கிம்பல், கழட்டு" என்றார் பிஷப்.

அண்ணன் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. திறந்த கதவுக்கு அப்பால், மேசையின் மேல், அப்பா சட்டையில்லாமல் காத்திருந்தார்.